வீட்டுக்கு ஓர் எழுத்து

மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசைக்கு ஒரு மணம் உண்டு. முதலில் மாவு வெந்த இனிப்பு மூக்கில் ஏறும். அடுத்த மூச்சிலேயே செப்புக்காசை வாயில் போட்டுக்கொண்டதுபோல நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஊறும். பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் மயில்துத்தம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். பசித்த பிள்ளைகள் பசையை வழித்துத் தின்றுவிடாமல் இருக்கத்தான் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நான் ஒருமுறை தின்று பார்த்து, பொழுது சாயும்வரை வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு தொட்டதில்லை.

அப்போது எனக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளின் கடைசி. மல்லாங்கிணறு பக்கம் மழையை நம்பி விதைத்து, மழை கைவிட்டதும் சிவகாசிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள்தான் எங்கள் தெரு முழுக்க. அப்பாவை நாங்கள் ‘அய்யா’ என்போம். அய்யாவுக்கு அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் கம்பாசிடர் வேலை. அம்மா வீட்டில் இருந்தபடி தீப்பெட்டி ஒட்டினாள். என் அக்கா பாக்கியம் தீப்பெட்டி ஆபீஸில் ‘கட்டை அடுக்க’ப் போனாள், மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து மரச்சட்டத்தின் பள்ளங்களில் வரிசையாகப் பொருத்துகிற வேலை அது. சின்ன விரல்களுக்கே அது வேகமாக வரும் என்பதால் ஐந்து, ஆறு வயதிலேயே பிள்ளைகளைக் கேட்டு வந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, எல்லாம் ‘ஆபீஸ்’தான். ஆகவே எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆறு வயதிலேயே ஆபீஸ் உத்தியோகத்துக்குத் தகுதி பெற்றிருந்தோம்.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விரலு நல்லா பிஞ்சு வெண்டைக்காயாட்டம் இருக்கு. எப்ப அனுப்புற, மாரி?”

“தீபாவளி கழியட்டும் அண்ணாச்சி” என்றாள் அம்மா.

“ஏன், அதுவரைக்கும் தொரைக்கு என்ன சோலி?”

“பள்ளிக்கூடம் போறான்.”

“எங்கன? அந்தக் கொட்டகைக்கா?” என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. தெருக்கோடியில், முன்பு தீப்பெட்டி ஆபீஸாக இருந்து மூடிப்போன தகரக் கொட்டகை ஒன்றுதான் எங்கள் பள்ளிக்கூடம். தெருப் பெரியவர்கள் போய்க் கேட்டதால் கொட்டகைக்காரர் அதை இரவலாகக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே அவர் பேசிய பேச்சு தெருவுக்கே மனப்பாடம்: “தீபாவளி கழிச்சு இன்ஸ்பெக்டர் வாராராம். வந்து, இது பள்ளிக்கூடந்தான்னு அவர் வாயால சொல்லிட்டா உங்களுக்கே விட்டுடுறேன். சொல்லலைன்னா எனக்கு அது ‘கிட்டங்கி’க்கு வேணும்.” கிட்டங்கி என்றால் சரக்குப் போட்டு வைக்கிற இடம். ஆக, கொட்டகையின் தலையெழுத்தும் என் விரல்களின் தலையெழுத்தும் ஒரே நாளுக்குக் காத்திருந்தன. அக்காவை அனுப்பியதுபோல என்னையும் அனுப்புவதில்லை என்று அம்மா உறுதியாக இருந்தாள். ஆனால் பள்ளிக்கூடமே இல்லாமல் போனால் அந்த உறுதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர். பெயர் ஞானம். காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவிலேயே ஓர் அறையில் குடியிருந்தார். இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். நடையில் மட்டும் ஐம்பது வயதுக் கண்டிப்பு. அவருக்குக் கிடைத்தது ஒன்றாம் வகுப்பு, கரும்பலகை ஒன்று, காலியான தரை. சீசன் தொடங்கிவிட்டதால் பிள்ளைகள் வரவில்லை. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சிவகாசியில் எவருக்கும் கை ஓயாது. தாய் பெட்டி ஒட்டினால், ஐந்து வயதுப் பிள்ளை அதை வாங்கி வெயிலில் காயவைக்கும். நான்கு வயதுப் பிள்ளை கோழி வந்து மிதிக்காமல் பார்த்துக்கொள்ளும். கைக்குழந்தையைத் தவிர எல்லாரும் வேலைக்காரர்கள்.

டீச்சர் வீடு வீடாக வந்தார். எங்களுக்கு அடுத்த வீடு பொன்னுத்தாய் அத்தையுடையது. அத்தையின் வாய்க்குத் தெருவே பயப்படும்.

“பிள்ளையத் தாராளமா கூட்டிட்டுப் போங்க டீச்சரு. அதுக்கு முன்னால இந்த ஒரு குரோசு, நூத்தி நாப்பத்தி நாலு பெட்டிய ஒட்டிக் குடுத்துட்டுப் போயிருங்க” என்றாள் அத்தை.

டீச்சர் கோபப்படவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். மெல்லிய மரப்பட்டையை மடித்து, நீலக் காகிதத்தைச் சுற்றி, பசையை இழுத்து ஒட்டுவது பார்ப்பதற்குச் சுலபம். டீச்சர் ஒட்டிய பெட்டியை அத்தை கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

“ஏ மாரி, இங்கன பாரேன், டீச்சரு ஒட்டுன பெட்டி பல்லைக் காட்டுது!”

டீச்சரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: “என் தப்பு எனக்குப் புரியுது. சீசன்ல பிள்ளைய விட உங்களால முடியாது. விடாம இருந்தா பள்ளிக்கூடம் இருக்காது. நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

அம்மா பசைத் தட்டிலிருந்து கையை எடுக்காமல், பாதி கேலியாகத்தான் அதைச் சொன்னாள்: “எங்களை ஆபீசுக்கு வரச் சொன்னா வர முடியுதா? அதான வீட்டுக்கு வீடு ஆர்டர் குடுத்து ஒட்ட வைக்கிறாக. நீங்களும் எழுத்த அப்படி வீட்டுக்கு வீடு குடுத்துருங்களேன்.”

டீச்சர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கி, வீட்டுக்கு ஓர் எழுத்து என்று பங்கு போட்டார். முதல் வீட்டுக்கு ‘அ’, எதிர்வீட்டுக்கு ‘ஆ’. உயிரும் மெய்யுமாக முப்பது எழுத்தும் தெருவிலேயே குடியேறின. ஏற்பாடு இதுதான்: வெயில் ஏறும்வரை பிள்ளைகள் வீட்டு வேலை பார்க்கலாம், அந்த நேரத்தில் தாய் தன் எழுத்தைத் தன் பிள்ளைக்கும், வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெட்டிகள் காயத் தொடங்கியதும் எல்லாப் பிள்ளைகளையும் கொட்டகைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே பாட்டு, கணக்கு, கதை. தாய்மார்களில் ஒருத்திக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் ஓர் எழுத்தைத் தெரிந்துகொள்ள யாருக்குத்தான் முடியாது?

எங்கள் வீட்டுக்கு ‘ம’ வந்தது. பொன்னுத்தாய் அத்தைக்கு ‘ங’. அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஆறவில்லை.

“எல்லாருக்கும் ஆடு, இலை, ஈட்டின்னு குடுத்துட்டு, எனக்கு மட்டும் ஒண்ணுக்கும் உதவாத எழுத்தக் குடுத்துருக்கு இந்த டீச்சரு. இந்த எழுத்துல ஒரு சாமான் உண்டா? ஒரு சாமி பேரு உண்டா?”

“உங்க எழுத்து முன்னால வராது மதினி, நடுவுல நின்னு தாங்கும்னு டீச்சரு சொன்னாகல்ல” என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

“நடுவுல நின்னு தாங்குறதுக்கு அது என்ன தூணா?”

வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுக்க டீச்சரிடம் சிலேட்டுகள் இல்லை. அய்யா அச்சாபீஸ் முதலாளியிடம் கேட்டு, சுவரொட்டி அடிக்கிற பெரிய மர எழுத்துகளில் முனை மழுங்கித் தள்ளுபடியானவற்றை ஒரு சாக்கில் வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தேய்ந்துபோன எழுத்துகளுக்கு நடுவில் ‘ங’ மட்டும் வாங்கிய கருக்கு அழியாமல் பளபளவென்று இருந்தது; தனி ‘ங’வுக்கு எந்தச் சுவரொட்டியிலும் வேலை வந்ததில்லை. அந்த அழகைப் பார்த்து அத்தைக்குக் கொஞ்சம் மனம் இளகியது.

சாக்கு வந்த நேரத்தில் டீச்சர் முறைக்காய்ச்சலில் விழுந்தார். அவருடைய அண்ணன் வந்து மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் காரியாபட்டிக்குக் கூட்டிப்போனார். போகும்போது அவர் சொன்னது, “எழுத்த மட்டும் விட்டுராதீக” என்பதுதான்.

நாங்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அய்யா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், இது ‘அ’, இது ‘ஆ’ என்று சொல்லி, மர எழுத்தை அந்தந்தத் தாயின் கையில் வைத்தார். மறுநாளிலிருந்து தெருவே ஒரு பாடப்புத்தகம் ஆனது. ‘ச’ வீட்டில் முறுக்கு சுட்டால் முதல் ஆளாகப் போய் ‘ச’ படித்தோம். ‘ண’ வீட்டு நாய் கடிக்கும் என்பதால் அந்த எழுத்தைத் தெருவின் நடுவில் நின்றே கற்றோம். “எங்க போற?” என்று கேட்டால் “‘க’ வீட்டுக்கு” என்று பதில் சொன்னோம். தாய்மார்களுக்குள் போட்டி வந்துவிட்டது. ஒருத்தி எழுத்தை இன்னொருத்தி பிள்ளை தப்பாகச் சொன்னால், “என் எழுத்த ஏம்லே கெடுக்குற?” என்று வாசலில் நிறுத்தி மறுபடி சொல்லவைத்தாள். பெட்டி ஒட்டும் கை ஒட்டிக்கொண்டே இருக்கும். மர எழுத்து மடியில் இருக்கும். நாங்கள் விரலால் அதைத் தடவித் தடவி, மண்ணில் அதேபோல எழுதுவோம். கொட்டகையை அக்கம்பக்கத்தார் முறைவைத்துத் திறந்தார்கள். அங்கே டீச்சர் சொல்லிவைத்திருந்த பாட்டுகளை நாங்களே பாடினோம். தீபாவளிக்குள் முப்பது எழுத்தும் எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

தீபாவளி முடிந்ததும் டீச்சர் திரும்பி வந்தார். காய்ச்சலில் தலைமுடி கொட்டி, புடவை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். கொட்டகை நிரம்ப உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்னும் தெரிகிறது. கரும்பலகையில் ‘அ’ எழுதி, இது என்ன என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

‘ஆ’ எழுதினார், ‘இ’ எழுதினார். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். ‘ப’ எழுதியபோது மட்டும் எல்லாரும் ஒரே குரலில் “ப!” என்று கத்தினோம். அடுத்து ‘ட’ எழுதினார், மறுபடி மௌனம். டீச்சர் சாக்பீஸை என்னிடம் கொடுத்து, உங்க வீட்டு எழுத்தை எழுது என்றார். எழுதினேன். அவர் அதைப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுதியது கண்ணாடியில் தெரிகிற ‘ம’. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அத்தனை எழுத்தையும் கண்ணாடியில் தெரிகிறபடிதான் படித்திருந்தோம். அச்சு எழுத்து கட்டையில் திரும்பித்தான் இருக்கும், காகிதத்தில் அழுத்தினால்தான் நேராக விழும். இடவலமாகத் திருப்பினாலும் மாறாத ‘ப’ ஒன்றுதான் தப்பித்தது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. செய்தி கேட்டு, பசைக் கையோடு தாய்மார்கள் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள். கரும்பலகையைப் பார்த்துவிட்டுப் பொன்னுத்தாய் அத்தைதான் முதலில் பேசினாள்.

“டீச்சரு, காய்ச்சல்ல நீங்கதான் மறந்துபோய் மாத்தி எழுதுறீக. எங்ககிட்ட இருக்குறது மரத்துல வெட்டுனது, அழியாது. நேத்து வந்த சுண்ணாம்புக்கட்டி எழுத்து பெருசா?”

“என் எழுத்து சரியாத்தான இருக்கு” என்றாள் ‘ப’ வீட்டுக்காரி. “சொல்லிக்குடுக்குறவ சொல்லிக்குடுத்தா எல்லாம் சரியாத்தான் வரும்.”

அன்றைக்கு அவளை அடிக்காமல் விட்டதே தெருவின் பெருந்தன்மை.

அச்சாபீஸுக்கு ஆள் அனுப்பி அய்யாவைக் கூட்டி வந்தார்கள். அவர் கரும்பலகையைப் பார்த்தார், கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. பத்து வயதில் அச்சாபீஸில் நுழைந்து, எழுத்தை எடுத்து எடுத்துக் கோத்தே படிக்கக் கற்றவர் அவர். வாழ்நாளில் பென்சில் பிடித்ததில்லை. நேராக இருக்கிற எழுத்தைப் படிக்கத்தான் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

“எனக்கு அது திரும்பி இருக்குன்னே தோணலை டீச்சர்” என்றார். “என் கண்ணுக்கு அதான் நேரு.”

அந்தக் கொட்டகையில் எதை இழக்கப் போகிறோம் என்று அம்மாவைவிடத் தெளிவாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் யாரையும் குறை சொல்லவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளைகளுக்கு முப்பது எழுத்தும் தெரியுது. பார்க்குற பக்கந்தான் தப்பு. இதைச் சரிபண்ண உங்க அச்சாபீஸ்ல இருந்து என்ன கிடைக்கும்?” என்று அய்யாவைக் கேட்டார்.

அய்யா பிழையாக அச்சாகிக் கழித்த லேபிள் தாள்களை ஒரு கட்டுக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் மயிலும் சிங்கமும் நிறம் விலகிக் கிடக்கும், மறுபக்கம் வெறுமை. டப்பாவில் மிச்சமிருந்த மையும் வந்தது. அடுத்த நாள் ஒருத்தியும் பெட்டி ஒட்டவில்லை. சீசன் முடிந்து ஆர்டர் தளர்ந்திருந்த நேரம், அதனால் முடிந்தது. வாசலுக்கு வாசல் மர எழுத்தில் மை தடவி, தாளைப் பரப்பி, கட்டையைக் கவிழ்த்து, அம்மிக் குழவியால் மேலே உருட்டி அழுத்தினார்கள். கட்டையை எடுக்கும்போது காகிதத்தில் எழுத்து நேராக எழுந்து நிற்பதை நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். ஒவ்வொரு வீடும் தன் எழுத்தை மற்ற எல்லா வீட்டுக்கும் அடித்துக் கொடுத்தது. வேலையிலிருந்து திரும்பிய அக்கா பாக்கியமும் குழவியைப் பிடித்து உருட்டினாள், இருட்டும்வரை விடவில்லை.

“கட்டையில கவுந்து படுத்துருக்கு, காகிதத்துல மல்லாந்து படுக்குது. அம்புட்டுத்தான” என்றாள் அம்மா.

அந்தச் சொல் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கண் பழகிவிட்டது; கைதான் அடம் பிடித்தது. மண்ணில் எழுத உட்கார்ந்தால் வலப்பக்கத்திலிருந்து கவிழ்ந்த எழுத்தாகவே வந்தது. எந்தப் பிள்ளை அப்படி எழுதினாலும், எந்த வாசலிலிருந்தாவது ஒரு குரல் வரும்: “ஏலே, மல்லாத்துலே!” நாங்கள் அழித்துவிட்டு நேராக எழுதுவோம். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் அந்தச் சத்தம்தான். கொட்டகையில் டீச்சர் புள்ளியும் காலும் சேர்த்துச் சின்னச் சொற்களை எழுதவும் பழக்கினார்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, கண்ணாடி, சிரிக்காத முகம். கொட்டகைக்குள் நின்ற தாய்மார்களைப் பார்த்து, வகுப்பு நடக்கும்போது பெண்டுபிள்ளைகள் உள்ளே இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பினார். அவர்கள் போய்க் கம்பிவலை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கொட்டகைக்காரரும் கணக்கப்பிள்ளையும் வாசல்பக்கம் வந்து நின்றிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வரிசையைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். “அம்மான்னு எழுது, தம்பி.”

சாக்பீஸை வாங்கினேன். எழுதி முடித்துத் திரும்பினால் டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, மூன்று எழுத்தும் கவிழ்ந்து கிடந்தன.

ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் கொட்டகையே அதிரும்படி வந்தது: “ஏலே ராசு, மல்லாத்துலே!”

கை அதற்குப் பழகியிருந்தது. புறங்கையால் அழித்தேன், இடப்பக்கம் போய் நின்றேன், ‘அம்மா’ என்று நேராக எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். “யாரு அது? தப்புன்னு அங்க இருந்தே கண்டுபிடிச்சது? படிச்சவங்களா?”

அம்மா அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பொன்னுத்தாய் அத்தை அவளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “இவதான் சார். படிக்கல்லாம் இல்ல. இவ ‘ம’.”

“என்னது?”

“இவ ‘ம’ சார். நான் ‘ங’. அந்தா நிக்கிறா பாருங்க, அவ ‘ப’, கொஞ்சம் திமிரு பிடிச்சவ.”

டீச்சர் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆர்டர் கொடுத்ததை, கவிழ்ந்ததை, மல்லாத்தியதை, எதையும் மறைக்காமல். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த லேபிள் தாள்களின் பக்கம் போய், பிரம்பை எடுத்து ‘அ’வில் வைத்தார். அவர் கண் ஜன்னலில் இருந்தது.

“அ!” என்றாள் முதல் வீட்டுக்காரி.

“ஆ!” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

பிரம்பு நகர நகர, ஜன்னலில் குரல் மாறி மாறி வந்தது. கூச்சத்தோடு ஒன்று, அதட்டலாக ஒன்று, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒன்று. ‘ஔ’வில் பிரம்பு நின்றபோது பதில் இல்லை. எங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்தாள். “எங்கம்மாவுக்குப் பாப்பா பொறந்துருக்கு சார், அதனால நான் சொல்றேன். ஔ.” இன்ஸ்பெக்டரின் மீசை அப்போதுதான் லேசாக அசைந்தது.

‘ங’வுக்கு வந்ததும் அவருக்கும் விளையாட்டுத் தோன்றியிருக்க வேண்டும். “இந்த எழுத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்” என்றார் அத்தையிடம்.

அத்தை பதறவில்லை. அந்த சீசன் முழுக்க, பெட்டி ஒட்டிக்கொண்டே, ஊர் பேசுகிற பேச்சில் தன் எழுத்தை அவள் தேடிக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“முன்னால நிக்காது சார், நடுவுலதான் நிக்கும். வாங்க, போங்க, இருங்க. ஒருத்தருக்கு மரியாதை குடுக்கணும்னா என் எழுத்து இல்லாம முடியாது. இப்ப நீங்க ‘சொல்லுங்க’ன்னீகளே, அதுலயும் நாந்தான் இருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரித்த சிரிப்பு தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. வாசலுக்குப் போய்க் கொட்டகைக்காரரிடம், “ஒரு வாத்தியார் இருக்கிற பள்ளிக்கூடம்னுதான் சொன்னாங்க. இங்க வீட்டுக்கு ஒருத்தர் இருக்காங்களே! பள்ளிக்கூடந்தாங்க இது, சந்தேகமே வேண்டாம்” என்றார். கொட்டகைக்காரர் சொன்ன சொல் தவறாதவர். “கிட்டங்கிக்கு நான் வேற இடம் பார்த்துக்கிடுறேன்” என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கணக்கப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “இவன் விரலுக்கு வேலை கெடைச்சிருச்சு அண்ணாச்சி. வேற வீடு பாருங்க.”

வேறு வீடும் அவருக்குக் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் அந்த வருஷம் ஆறு வயதைத் தொட்ட பிள்ளைகளில் ஒருவர்கூடக் கட்டை அடுக்கப் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை.

நான் படித்துப் பெரிய ஆளாகிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆறாம் வகுப்போடு நின்றேன். அதற்குப் பள்ளிக்கூடம் காரணமில்லை, கால்தான் காரணம். ஓரிடத்தில் தரிக்காத கால். கிளீனராக ஒரு காலண்டர் லோடு லாரியில் ஏறியவன், பிறகு காலண்டர் சாம்பிள்களைச் சுமந்துகொண்டு நாக்பூர், கட்டாக், குவாஹாத்தி என்று சுற்றினேன். பட்டினி கிடந்த ஊர்கள் உண்டு, பிளாட்பாரத்தில் படுத்த ஊர்கள் நிறைய. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் சில மாதங்களில் கடைப் பலகைகளைப் படித்துவிடுவேன். டீக்கடைக்காரரிடம் ஓர் எழுத்து, முடிவெட்டுகிறவரிடம் ஓர் எழுத்து, லாட்ஜ் வாசலில் இருப்பவரிடம் ஓர் எழுத்து. ஓர் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்ற மனிதரை எந்த ஊரிலும் நான் சந்திக்கவில்லை.

போன வருஷம் எங்கள் பழைய தெருப் பக்கம் போயிருந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் மாடி வைத்த கட்டடம், சுற்றுச்சுவர், இரும்புக் கதவு. கதவுக்கு வெளியே தாய்மார்கள் கூட்டமாக நின்றார்கள். பெற்றவர்கள் உள்ளே வரக் கூடாதாம், காவலாளி சொன்னார். பழைய மாணவன் என்றதும் என்னை மட்டும் விட்டார். அவர்களை வெளியே விட்டுவிட்டு நான் உள்ளே போனது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் இப்போது யாரும் பெட்டி ஒட்டுவதில்லை, அது மிஷினுக்குப் போய்விட்டது. ‘ம’ வீடு எது, ‘ங’ வீடு எது என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. அய்யா கொண்டுவந்த மர எழுத்துகள் எந்த அடுப்பில் எரிந்தனவோ தெரியாது. காலையில் கட்டை அடுக்கப் போகிற பிள்ளைகளும் தெருவில் இல்லை.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண். பெற்றோரெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வருவது உண்டா என்று கேட்டேன். மாதாமாதம் கூட்டம் வைத்து, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவதாகச் சொன்னார்.

“கைநாட்டு வைக்கிறவுக யாரும் இருக்காகளா?” என்றேன்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். “கைநாட்டா? அதுக்கு மை டப்பால்ல வேணும் சார். எங்ககிட்ட மை டப்பாவே கிடையாது. யாராவது கேட்டாத்தான் வாங்கணும்.”

எழுதத் தெரியாமல் மை கேட்பதற்கு அந்தத் தெருவில் ஆளில்லை.